கரிவர்தன் போட்ட முதல் படி

தென் மாவட்டங்களில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஃபார்முலா 4 என்றால் என்னவென்று நீட்டி விளக்க வேண்டியதில்லை. பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று நம் பந்தயங்களில் பிரிவு உண்டு. பூஞ்சிட்டில் இன்று ஓடுகிற இளங்காளை நாளைக்குப் பெரிய மாட்டுப் பிரிவுக்குப் போக வேண்டியது. கயிறு பிடிக்கும் சாரதியும் சின்ன வண்டியில் பழகித்தான் மேலே வருகிறார். ஒற்றை இருக்கைக் கார் பந்தயத்தில் அந்தப் பூஞ்சிட்டுப் பிரிவுதான் ஃபார்முலா 4.

இதற்கும் கீழே கார்ட்டிங் இருக்கிறது. ஏழெட்டு வயதிலேயே பிள்ளைகள் கார்ட் ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அதிலிருந்து நேராக ஃபார்முலா 3க்குத் தாவுவது கடினம் என்பதால், இடையில் ஒரு படி வேண்டும் என்று சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பான எஃப்ஐஏ 2014இல் இந்தப் பிரிவை உருவாக்கியது. முன்னாள் ஃபார்முலா 1 வீரர் கெர்ஹார்ட் பெர்கர் அப்போது அதற்கான குழுவின் தலைவர். 15 வயது நிரம்பினால் ஓட்டலாம். ஒரு நாட்டின் போட்டியில் எல்லோருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின், ஒரே டயர். அப்பா வாங்கிக் கொடுத்த நல்ல காரால் ஜெயித்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது நோக்கம். 2015இல் பிரிட்டனில் இந்தப் படியை வென்றவர் லாண்டோ நாரிஸ். 2022இல் இத்தாலியில் வென்ற கிமி அன்டோனெல்லி, மூன்றே ஆண்டுகளில் 18 வயதில் மெர்சிடிஸ் அணிக்காக ஃபார்முலா 1இல் ஓட்டினார். ஃபார்முலா 1 ஓட்டுவதற்கான சூப்பர் லைசென்ஸுக்கு மூன்று பருவங்களில் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஒரு நாட்டின் எஃப்4 பட்டத்தை வென்றாலே 12 புள்ளிகள் கிடைத்துவிடும்.

இந்தியாவுக்கென்று இப்படி ஒரு போட்டி 2023இல்தான் வந்தது. அந்த முதல் பருவத்தைச் சென்னைத் தெருவில் நடத்திக் காட்ட வேண்டும் என்று தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ரேசிங் புரமோஷன்ஸ் நிறுவனமும் டிசம்பர் 9, 10 தேதிகளைக் குறித்தன. அதற்கு ஐந்தாறு நாள் முன்னால் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீட்டுக்குள் தண்ணீர் நின்றபோது எந்த ஊரும் பந்தயம் பார்க்காது. தெரு ஓட்டம் தள்ளிப்போனது. நிரந்தர டிராக்கில் நடந்த சுற்றுகளோடு பருவம் முடிந்து, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கூப்பர் வெப்ஸ்டர் முதல் பட்டத்தைக் கொண்டுபோனார்.

2024 பருவம் ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கியது. ஒரு வாரம் கழித்துச் சென்னைக்குள் வந்தது. தீவுத்திடலைச் சுற்றி, கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் வழியாக மூன்றரைக் கிலோமீட்டருக்கு ஒரு சுற்று, அதில் 19 வளைவுகள். ராத்திரி விளக்கொளியில் தெருவில் ஓடும் பந்தயம் இந்தியாவிலேயே அதுதான் முதல். வழக்குகள் இருந்தன. பக்கத்திலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. சத்தம் நோயாளிகளை என்ன செய்யும் என்று கேட்டார்கள். அரசு ஒதுக்கிய 40 கோடி ரூபாய்க்கும் மேலான பணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் போட்டியை நடத்தலாமா என்றும் கேட்டார்கள். இரண்டும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்தான். உயர் நீதிமன்றம் பிப்ரவரியில் அனுமதி தந்தது. பந்தய நேரத்தில், எஃப்ஐஏ உரிமம் கைக்கு வந்த பிறகே கார் ஓட வேண்டும் என்று கறாராகச் சொன்னது. ஆகஸ்ட் 31 சனிக்கிழமை மழை பெய்தது. தடுப்புகளும் வேலிகளும் முழுதாக நிற்கவில்லை. உரிமம் வர இரவாகிவிட்டது. முழுப் பந்தயமும் மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது.

அந்த இரவில் சென்னை பார்த்தது நல்ல காட்சி. நேப்பியர் பாலத்தின் வளைவுகளுக்கு நடுவே ஃபார்முலா கார்கள் பறந்த படம் ஊரெங்கும் எல்லோர் செல்போனிலும் சுற்றியது. எங்கள் சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக் கடைகளில் நின்றவர்களும் பார்த்தார்கள். ஆனால் அந்தக் காட்சியோடு பருவம் முடியவில்லை. திரும்பவும் டிராக்குகளுக்குப் போய், நவம்பரில் கோவை செட்டிபாளையத்தில் முடிவுக்கு வந்தது. பட்டம் வென்றவர் ஹைதராபாத் அணிக்காக ஓட்டிய தென்னாப்பிரிக்க இளைஞர் அகில் அலிபாய். பெங்களூரின் ருஹான் ஆல்வா போன்ற நம் நாட்டுப் பிள்ளைகள் அவரோடு சளைக்காமல் மோதினார்கள். ஆனாலும் இரண்டு பருவங்களிலும் கோப்பை வெளிநாட்டுக் கையில்தான் போய்ச் சேர்ந்தது.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வெளியாள் வந்து மோதினால்தான் நம் பிள்ளைகளின் தரம் தெரியும். என்னை உறுத்துவது வேறு. தொடங்கியதும் தமிழ்நாட்டில், முடிந்ததும் தமிழ்நாட்டில். நிரந்தர டிராக்குகள், ஒரு தெரு டிராக், அரசின் ஆதரவு, எழுபது ஆண்டுப் பந்தய வரலாறு எல்லாம் இங்கே இருக்கிறது. இந்த மாநிலத்தின் ஒரு சிறு ஊரில் பிறந்த பையனோ பெண்ணோ அந்தக் காரில் உட்கார ஒரு வழி இருக்கிறதா? இல்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கும் முன்னால் அந்த வழியின் முதல் படியை ஒருவர் இங்கேயே கட்டினார் என்பதால்தான் இந்த ‘இல்லை’ கூடுதலாகக் கசக்கிறது.

அவரைச் சொல்வதற்கு முன் சோழவரத்தைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்ததும் அது சும்மா கிடந்தது. 1950களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் அதில் கார், மோட்டார்சைக்கிள் ஓட்டத் தொடங்கினார்கள். முப்பது வருஷத்துக்கும் மேலாக இந்தியப் பந்தயத்தின் தலைநகரம் அந்த வெயில் காய்ந்த சிமெண்ட் தரைதான். ஆயிரக்கணக்கில் சனம் கூடும். பணக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து கார் இறக்கினார்கள். விஜய் மல்லையா பழைய ஃபார்முலா 1 கார் ஒன்றையே கொண்டுவந்து ஓட்டினார். இல்லாதவர்கள் ஃபியட்டையும் அம்பாசடரையும் அறுத்து, ஒட்டி, உயரம் குறைத்து, தங்களுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார்கள். சோழவரத்தில் ஓட்டுநருக்கு இருந்த மரியாதை அவருடைய மெக்கானிக்குக்கும் இருந்தது என்பதை அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

1990 வாக்கில் அந்தக் கிளப்பே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக டிராக் கட்டி அங்கே போய்விட்டது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். இந்தியாவில் பந்தயத்துக்கென்றே கட்டிய முதல் நிரந்தர டிராக் அது. இப்போது அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1988இல், கோவையில் சுந்தரம் கரிவர்தன் ஒரு காரியம் செய்தார். ஜவுளி ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. தானே நல்ல பந்தய ஓட்டுநர். இறக்குமதிக் கார் வாங்கும் வசதி அவருக்கு இருந்தது. அடுத்தவருக்கு இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அப்போது நாடெங்கும் மாருதி 800 ஓடத் தொடங்கியிருந்தது. எந்த ஊரிலும் அதற்கு ஸ்பேர் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் அதைப் பிரித்து மாட்டத் தெரியும். அந்த மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சினை எடுத்து, கோவையிலேயே சட்டம் அடித்து, மேலே ஃபைபர் உடம்பு மூடி, ஒற்றை இருக்கைக் கார் ஒன்றை உருவாக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி. ஒன்றல்ல, வரிசையாகப் பல கார்கள். ஒரே மாதிரியான பத்துப் பதினைந்து கார்கள் ஒரே கோட்டில் நின்று கிளம்பினால்தான் யார் நன்றாக ஓட்டுகிறார் என்பது தெரியும் என்று அவர் நம்பினார். எஃப்4 என்ற பெயரில் எஃப்ஐஏ 2014இல் கொண்டுவந்த அதே கணக்கை, 26 வருஷத்துக்கு முன்பே ஒரு கோயம்புத்தூர்க்காரர் மாருதி எஞ்சினை வைத்துப் போட்டுவிட்டார்!

கோவை என்ற ஊர் இல்லாமல் இது நடந்திருக்காது. வார்ப்படப் பட்டறைகள், பம்ப்செட் ஆலைகள், நூற்பு இயந்திரம் செய்யும் தொழிற்சாலைகள், தெருவுக்குத் தெரு லேத். ஒரு பாகம் வேண்டுமென்றால் வரைந்து கொடுத்து இரண்டு நாளில் வாங்கிவிடலாம். பந்தயக் காரைப் படிக்கத் தெரிந்த கைகளை அந்த ஊர் தானாகவே வளர்த்து வைத்திருந்தது. கரிவர்தன் அந்தக் கைகளுக்கு வேலை கொடுத்தார்.

அந்தக் காரில் ஏறியவர்களின் பெயரைப் பாருங்கள். நரேன் கார்த்திகேயன் என்ற கோவைப் பையன். அவருடைய அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். நரேன் முதன்முதலாகப் பந்தயம் ஓட்டியது இருங்காட்டுக்கோட்டையில், ஃபார்முலா மாருதியில். அந்த முதல் பந்தயத்திலேயே மேடை ஏறிவிட்டார். 1992இல் பிரான்சில் எல்ஃப் வின்ஃபீல்ட் பள்ளிக்குப் போய்ப் பயின்று வந்தார். 1994இல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலப் பட்டம். 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம். 2005இல் ஜோர்டான் அணியில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர். அந்த வருஷம் இண்டியானாபொலிஸில் டயர் பிரச்சினையால் ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார். ஆறு கார்தானே என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள். அந்த ஆறில் ஒன்றாக இருப்பதற்கு அவர் பதிமூன்று வருஷம் ஓடியிருந்தார்.

அடுத்தவர் சென்னையின் கருண் சந்தோக். தாத்தா இந்து சந்தோக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர், அப்பா விக்கி சந்தோக் ராலி ஓட்டுநர். கருண் 2000இல் ஃபார்முலா மாருதி சாம்பியன், 2001இல் ஃபார்முலா 2000 ஆசியா சாம்பியன், 2010இல் ஃபார்முலா 1. நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டிலிருந்து இதுவரை ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டியவர்கள் இந்த இருவர் மட்டுமே. இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள், இருவரும் ஃபார்முலா மாருதியில் பழகியவர்கள். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடிகர் அஜித் குமாரும் அதே காரில் பந்தயம் ஓட்டியவர்தான். அங்கிருந்துதான் 2003இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியாவுக்கும், 2010இல் ஃபார்முலா 2க்கும் போனார். அந்த 2010 ஃபார்முலா 2 பருவத்தில் அவரோடு அர்மான் இப்ராஹிம், பார்த்திவா சுரேஷ்வரன் என்று இன்னும் இரண்டு சென்னைக்காரர்களும் ஓட்டினார்கள்.

கரிவர்தன் இதில் பெரும்பாலானதைப் பார்க்கவில்லை. 1995இல், நாற்பதைச் சற்றுத் தாண்டிய வயதில், விமான விபத்தில் இறந்துபோனார். நரேன் அப்போதுதான் ஐரோப்பாவில் காலூன்றிக்கொண்டிருந்தார். 2003இல் செட்டிபாளையத்தில் திறந்த டிராக்குக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள். இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் சின்ன டிராக், வளைவுகள் நெருக்கமாக வரும். 2024இன் எஃப்4 பட்டம் முடிவானது அந்த டிராக்கில்தான். அன்று மேடையில் நின்ற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தக் ‘கரி’ யார் என்று தெரிந்திருக்கும்?

அவர் போட்ட வழி அவரோடு மூடிவிடவில்லை. கோவை எல்.ஜி.பாலகிருஷ்ணன் நிறுவனம் தன் பெயரில் எல்ஜிபி ஃபார்முலா கார்களைக் கொண்டுவந்தது. 1300 சிசி ஸ்விஃப்ட் எஞ்சின், உள்நாட்டுத் தயாரிப்பு. ஜேகே டயர் நடத்தும் தேசியப் போட்டியில் எல்ஜிபி ஃபார்முலா 4 என்ற பெயரில் இன்றும் அது ஓடுகிறது. பெயரில் 4 இருந்தாலும் இது எஃப்ஐஏவின் எஃப்4 அல்ல. அதற்கான சூப்பர் லைசென்ஸ் புள்ளிகள் கிடையாது. ஆனால் செலவு அதைவிடப் பல மடங்கு குறைவு, சண்டை அதைவிடக் கடுமை. ஒன்றன் வால் ஒன்றைத் தொட்டுக்கொண்டு எட்டுப் பத்துக் கார்கள் ஒரே வளைவுக்குள் நுழைவதைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பிரிவைத்தான் பார்க்க வேண்டும். முன்னால் போகும் கார் காற்றைக் கிழிக்கும், பின்னால் வருபவர் அந்த நிழலில் ஒட்டிக்கொண்டு வந்து கடைசி நொடியில் வெளியே பாய்வார். எஞ்சின் பலம் குறைவு என்பதால் தப்புச் செய்தால் மிதித்து மீட்க முடியாது. வளைவில் தொலைத்த வேகம் அடுத்த வளைவுவரை கிடைக்காது. அதனாலேயே இது நல்ல பள்ளிக்கூடம்.

எம்ஆர்எஃப் நிறுவனமும் தன் பங்குக்குப் பல ஆண்டுகள் ஃபார்முலா பந்தயங்கள் நடத்தியது. எம்ஆர்எஃப் சேலஞ்ச் என்ற குளிர்காலத் தொடருக்கு ஐரோப்பிய இளைஞர்கள் இங்கே வந்தார்கள். மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் அதில் ஓட்டியிருக்கிறார். 2018–19 பருவத்தை வென்றவர் ஜேமி சாட்விக் என்ற ஆங்கிலேயப் பெண். ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓட்டிய தொடர் அது. இருங்காட்டுக்கோட்டையில் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டு போன அதே ஆண்டில், பெண்களுக்கான டபிள்யூ சீரிஸின் முதல் சாம்பியன் ஆனார். உலகத்துக்கு நாம் ஏணியாக இருந்திருக்கிறோம். நம் பிள்ளைகளுக்கும் அப்படி இருக்க வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை.

இந்தியாவின் இப்போதைய எஃப்4 காருக்கு வருவோம். பிரான்சின் மிகால் நிறுவனம் செய்த உடம்பு, ஆல்பைன் பெயரில் வரும் 1.3 லிட்டர் டர்போ எஞ்சின். மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். உட்காரும் இடத்தைச் சுற்றி கார்பன் இழையால் ஆன பெட்டி, தலைக்கு மேலே ‘ஹேலோ’ என்ற வளையம். பந்தய வாரம் என்றால் முதலில் பயிற்சி ஓட்டம், பிறகு தகுதிச் சுற்று, அதன் பிறகு பந்தயங்கள். ஒன்று அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 18, அடுத்து 15, இப்படிப் பத்தாவது இடம்வரை. அரை மணி நேரம்தானே என்று நினைக்கக் கூடாது. ஆகஸ்ட் மாதத்து இருங்காட்டுக்கோட்டை வெயிலில் தீப்பிடிக்காத துணியில் மூன்றடுக்கு உடை, தலைக்கவசம், கழுத்துக் காப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு, பாதி படுத்த நிலையில் பதினாறு வயதுப் பிள்ளை உள்ளே இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் கழுத்து ஒரு பக்கம் இழுக்கும். பிரேக்கைக் கால் பலமெல்லாம் கொடுத்து மிதிக்க வேண்டும். இறங்கியதும் உடனே கணினி முன்னால் உட்கார வேண்டும். எந்த இடத்தில் பிரேக் மிதித்தாய், பக்கத்துக் கார் எந்த இடத்தில் மிதித்தது என்று கோடு கோடாகத் திரையில் காட்டி பொறியாளர் கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைதான் மேலே போகும்.

ஆபத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நேர்மையாக இருக்காது. 2023 ஜனவரியில் சென்னையின் மூத்த ஓட்டுநர் கே.இ.குமார், 59 வயதில், இருங்காட்டுக்கோட்டையில் தேசியக் கார் பந்தயத்தின்போது விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே டிராக்கில் மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் விழுந்து இறந்த பெங்களூருச் சிறுவனுக்கு வயது 13. அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தாய் தகப்பனுக்கும் பதறாமல் இருக்காது. மோட்டார்சைக்கிளையும் ஒற்றை இருக்கைக் காரையும் ஒன்றாக வைக்க முடியாது என்பது உண்மை. காரில் உடம்பைச் சுற்றிக் கூடு இருக்கிறது, ஹேலோ இருக்கிறது. 2020இல் பஹ்ரைனில் ஃபார்முலா 1 ஓட்டுநர் ரோமன் குரோஷான் காரோடு தடுப்பைப் பிளந்து தீக்குள் போய் உயிரோடு எழுந்து வந்ததற்கு அந்த வளையம் ஒரு முக்கியக் காரணம். அந்த ஹேலோ இப்போது நம் எஃப்4 பிள்ளைகளின் தலைக்கு மேலும் இருக்கிறது. இருந்தாலும் வேகம் வேகம்தான். வயது வரம்பு, மருத்துவக் குழு, தடுப்பு, ஓட்டுநர் உரிமம் இவற்றில் ஒரு நூல் இழையும் தளர்த்தக் கூடாது. சென்னையில் உரிமம் வரும்வரை காரைக் கிளப்ப விடாமல் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்ததைப் பலர் கேலி செய்தார்கள். நான் அதை அந்த வார இறுதியின் நல்ல காரியங்களில் ஒன்றாகவே பார்க்கிறேன். அரசியல்வாதிகளும் ரசிகர்களும் காத்திருந்ததால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு எதற்கு இவ்வளவும் எழுத வேண்டும்? எங்கள் ஊரிலிருந்து சென்னை சுமார் அறுநூறு கிலோமீட்டர். பொதிகை ரயிலில் ஏறினால் ஒரு ராத்திரி முழுக்கப் பயணம். கோவையும் பக்கத்தில் இல்லை. ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை கோமதி அம்மனின் ஆடித்தபசு, விசைத்தறி, பூச்சந்தை, பிரியாணி. கார் பந்தயத்துக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு என் பதில், தறிக் கொட்டகைக்குள் போய்ப் பாருங்கள் என்பதுதான். இருபது தறி ஒரே நேரத்தில் அடிக்கும் சத்தத்தில், மூன்றாவது தறியில் ஏதோ சரியில்லை என்று காதாலேயே கண்டுபிடித்து, சாவியை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போகிற ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். ராஜபாளையம் சாலையிலும் திருநெல்வேலி சாலையிலும் இருக்கும் பட்டறைகளில், டிராக்டரையும் மினி லாரியையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் பையன்கள் இருக்கிறார்கள். கோவையின் எந்தக் கைகளை நம்பிக் கரிவர்தன் கார் செய்தாரோ, அந்த இனத்துக் கைகள்தான் இவை.

ஆர்வமும் இருக்கிறது. சென்னைத் தெருப் பந்தயத்துக்குப் பிறகு பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பையன் என்னிடம் கேட்டான்: “அண்ணாச்சி, இதுக்கெல்லாம் எங்க போய்ச் சேரணும்?” சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பிடம் போட்டி உரிமம் வாங்க வேண்டும், அதற்கு முன் பயிற்சிப் பள்ளி ஒன்றில் தேற வேண்டும், அதற்கும் முன்னால் கார்ட் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். ஆனால் அவன் வயதில், அந்தப் பழக்கத்துக்கு ஏற்கெனவே பத்து வருஷம் தாமதம். எட்டு வயதில் அவனை யாராவது கார்ட்டில் உட்கார வைத்திருக்க வேண்டும். எங்கே உட்கார வைப்பது? போட்டித் தரத்தில் ஓட்டிப் பழகக் கோவையோ சென்னையோ பெங்களூரோ போக வேண்டும். போக்குவரத்து, தங்கல், டயர், எஞ்சின் என்று ஒரு பருவத்துக்கு ஆகும் செலவை இந்த வட்டாரத்தில் எத்தனை குடும்பம் தாங்கும்?

அதனால்தான் ஓட்டுநர்களின் பட்டியலைப் பார்க்கும்போது பெரும்பாலும் பந்தயக் குடும்பத்துப் பிள்ளைகளும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் தெரிகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நரேனும் கருணும்கூட அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர்கள்தான். உழைப்பில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. எஃப்4 அணிகளைச் சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் பிரபலங்களும் வாங்கியிருப்பதும் நல்லதே, விளம்பரம் வரும். ஆனால் கார்களைப் பிரான்சிலிருந்து இறக்கி, அணிகளுக்கு ஊர்ப் பெயர் சூட்டிவிட்டால் அந்த ஊர்ப் பிள்ளைகள் தானாக வந்துவிட மாட்டார்கள். சென்னை டர்போ ரைடர்ஸ் என்று ஒரு அணி இருக்கிறது. அதன் இருக்கை ஒன்று தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு மாவட்டத்தில் தேர்வு வைத்து எடுக்கப்பட்ட பிள்ளைக்கு என்று எழுதி வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அரசு ஒருமுறை தெருவில் பந்தயம் நடத்திக் காட்டிவிட்டது. அந்த முயற்சியை நான் குறை சொல்ல மாட்டேன், இந்த விளையாட்டைப் பற்றி ஊர் ஊராகப் பேச வைத்தது அதுதான். இனி அந்தப் பணத்தில் சிறு பங்கைக் கீழே இறக்க வேண்டும். திருநெல்வேலி, மதுரை போன்ற இடங்களில் தலா ஒரு கார்ட் டிராக் போதும். பெரிய டிராக்குக்கு ஆகும் நிலமும் செலவும் அதற்கு ஆகாது. கங்கைகொண்டான் போன்ற தொழிற்பேட்டைகளின் ஓரத்தில் ஒரு கிலோமீட்டர் தார் போட இடம் கிடைக்காதா? எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்வு நடத்தி, மாவட்டத்துக்கு இரண்டு பேரை எடுத்து, அவர்களுடைய இரண்டு பருவச் செலவை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏற்கட்டும். பெண் பிள்ளைகளையும் அதே தேர்வில் சேர்த்து எடுக்கட்டும். இந்த விளையாட்டில் அவர்களுக்கென்று தனிக் கோடு தேவையில்லை என்பதை ஜேமி சாட்விக் இருங்காட்டுக்கோட்டையில் காட்டிவிட்டார்.

இன்னொரு வழியும் திறந்தே கிடக்கிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே ஒற்றை இருக்கைக் கார் வடிவமைத்து, செய்து, ஓட்டிக் காட்டும் ஃபார்முலா பாரத் போட்டி கோவையின் கரி ஸ்பீட்வேயில் நடக்கிறது. நாடெங்கிலும் இருந்து கல்லூரிகள் வருகின்றன. அங்கே தேர்ந்த பிள்ளைகளுக்குக் கார் கம்பெனிகளில் வேலை எளிதாகக் கிடைக்கிறது. கோவில்பட்டியிலும் கிருஷ்ணன்கோவிலிலும் திருநெல்வேலியிலும் இருக்கும் பொறியியல் கல்லூரிகள் தங்கள் பட்டறைகளை எங்கள் ஊர்ப் பையன்களுக்கும் திறந்துவிடலாம். சட்டத்தைக் கல்லூரிப் பையன் கணினியில் வரையட்டும், ஐடிஐ படித்தவன் வெல்டிங் வைக்கட்டும். பந்தயம் என்றால் ஓட்டுநர் ஒருவர்தான் என்று நினைப்பது பெரிய தவறு. ஒரு காருக்குப் பின்னால் மெக்கானிக், டயர் பார்ப்பவர், தரவு படிப்பவர், பிட்டில் கைகாட்டுபவர், கொடி பிடிக்கும் மார்ஷல் என்று எத்தனையோ பேர் நிற்கிறார்கள். அதில் எந்த வேலைக்கும் பெரிய வீட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பாலிடெக்னிக் பையனிடம் இதைத்தான் சொன்னேன். ஓட்டுநர் ஆவதற்கு உனக்கு வயது கடந்திருக்கலாம், மார்ஷல் பயிற்சிக்குக் கடக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் தேசியப் போட்டி நடக்கும் வாரங்களில் ஆள் தேவைப்படும், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு எழுதிக் கேள், லீவு நாளாகப் பார்த்துப் போய் நில், எஞ்சினைத் திறக்கும்போது பக்கத்தில் இரு என்றேன். அவனுக்கு எட்டு வயதில் ஒரு தம்பி இருக்கிறான். அந்தத் தம்பிக்குச் சொல்ல இப்போது என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலை விளையாட்டுத் துறைதான் சொல்ல வேண்டும், அடுத்த பருவத்துக்கான நிதியை ஒதுக்கும்போதே சொல்ல வேண்டும்.